நோய்ப் பயம் உள்ள காலத்தில் குடும்பத்தோடு கப்பல் பயணம்: டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகை என்று நம் பக்கத்தில் இப்போது அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, "அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஒரு கப்பல் பயணம் போய் வரலாமே" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அடுத்த நிமிடமே யாராவது ஒருவர், "இந்த நேரத்துலயா? நடுக்கடல்ல யாருக்காவது காய்ச்சல் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். போகலாம், கூடாது என்று எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எதை முதலில் யோசிப்பது, எதை எப்போது செய்வது என்று சொல்ல முடியும். இதுவரை கப்பல் ஏறாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்பும் நாளில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சுட்டால், "சரி, இந்தத் தடவை வேண்டாம்" என்று சொல்ல முடிகிற மாதிரி திட்டம் போடுங்கள். அப்படிப் போடாத குடும்பம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஏறும். கட்டிய பணம், கேட்டு வாங்கிய லீவு, பிள்ளைகளின் ஆசை எல்லாம் சேர்ந்து ஏற்றிவிடும். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் இந்த ஒன்றுக்காகத்தான்.

எதற்குப் பயப்பட வேண்டும்

கப்பலில் நோய் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ். அதில் இருந்த 3,711 பேரில் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்தது. அது உண்மையிலேயே மோசமான நிலைமை. அன்று தடுப்பூசி கிடையாது, அந்த நோயைப் பற்றியே யாருக்கும் சரியாகத் தெரியாது. அறைக்குள் அடைத்து வைத்தபோது ஒரே அறையில் இருந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். அறை எடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

சாதாரண நாளில் கப்பலில் அடிக்கடி தொல்லை கொடுப்பது நோரோ வைரஸ். திடீர் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் தெரியும். நல்ல உடம்புக்காரருக்கு 1 முதல் 3 நாளில் தானே சரியாகிவிடும். முதியவருக்கும் கைக்குழந்தைக்கும்தான் உடம்பில் நீர் வற்றிப்போய் ஆபத்தாகும். இது கப்பலுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அமெரிக்காவில் பதிவாகும் நோரோ பரவல்களில் கப்பலில் நடப்பது 1 சதவீதம்தான் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. சொல்கிறது. கப்பலில் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணி எழுதுகிறார்கள், அதனால் செய்தியாகிறது. கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு வயிறு கெட்டால் யார் எண்ணுகிறார்கள்?

மூன்றாவது, காற்றில் பரவும் சளிக்காய்ச்சல், ஃப்ளூ, கொரோனா. லிஃப்ட், நாடக அரங்கு, ஏறும் வரிசை இவைதான் இதற்கான இடங்கள். திறந்த மேல்தளத்தில் கடல்காற்றில் நிற்கும்போது பயம் மிகக் குறைவு.

கப்பலும் அதில் நோய்ப் பயமும் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறை இங்கே உண்டு. அந்தக் காலத்தில் கப்பலில் அம்மையோ காலராவோ தென்பட்டால் சிங்கப்பூரில் நேரே இறங்கிவிட முடியாது. 1874-இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் திறந்த தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத்தான் ஊருக்குள் போக வேண்டும். இன்றைக்கும் கப்பலில் தொற்று இருந்தால் கேப்டன் அடுத்த துறைமுகத்துக்கு அதை அறிவித்தே ஆக வேண்டும். துறைமுகம் இறங்க விடாமலும் போகலாம். ஆகவே பட்டியலில் போட்டிருக்கும் ஊரெல்லாம் கட்டாயம் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் படி: யார் வருகிறார்கள்

ஒரு தாளை எடுத்து வருகிறவர் ஒவ்வொருவரின் வயது, இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தது எப்போது என்று எழுதுங்கள். யாருடைய உடம்பு மிகவும் நலிந்திருக்கிறதோ அவரை வைத்துத்தான் நாளும் வழியும் முடிவாக வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிற 70 வயதுக்காரர் தாராளமாக வரலாம். அண்மையில் இதய சிகிச்சையோ பெரிய அறுவை சிகிச்சையோ ஆனவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர், டயாலிசிஸில் இருப்பவர் இவர்கள் மருத்துவர் வாயால் சரி என்று கேட்ட பிறகே பெயர் கொடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் ஏற்றுவதில்லை. பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்பதைத்தான் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது பல கப்பல்களில் விதி. நீண்ட பயணத்துக்கு ஒரு வயது கேட்பதும் உண்டு.

இரண்டாம் படி: எப்போது, எங்கிருந்து

சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் புறப்படத் தொடங்கியது. கடலுக்குள் போய்த் திரும்பும் இரண்டு மூன்று நாள் பயணம், இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டு வரும் பயணம் என்று வகை உண்டு. அந்தக் கப்பல் மும்பைக்கும் போய் ஓடுவதால் சென்னையில் எந்த மாதங்களில் இருக்கும் என்பதை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதிலும் வீட்டில் வயதானவர் இருந்தால், சின்னப் பயணமே போதும் என்பேன். இரண்டு மூன்று நாளில் கரைக்கு வந்துவிடுவது நோய்ப் பயம் உள்ள காலத்தில் பெரிய நிம்மதி.

இன்னொரு வழி, திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் பிடிப்பது. நம் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு அங்கே ஒரு சொந்தக்காரராவது இருப்பார் என்பதால் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். மலாக்கா நீரிணை பொதுவாக அலை குறைந்த கடல். இங்கே கவனிக்க வேண்டியது விசா. கப்பலில் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாதானா என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் உடல்நலக் கேள்விகளும் உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்துக்குப் போய்விட்டீர்கள் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாலைந்து மணி நேரத்தில் அக்கரை சேர்க்கும் சிறிய கப்பல். பெரிய கப்பலைவிட அதில் ஆட்டம் அதிகம். அதில் வாந்தி எடுத்தவருக்குப் பெரிய கப்பலும் ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை என் கணக்கு இது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடல் நமக்குத் தெரிந்த கடல்தான். புயல் சின்னம், அடைமழை, ஊரெல்லாம் டெங்கு. அரையாண்டு விடுமுறை அப்போதுதான் வருகிறது என்பதற்காக அந்த மாதத்தைப் பிடிக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் மனதில் ஓய்வும் இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் கடலும் அடங்கியிருக்கும், ஊரில் காய்ச்சலும் குறைந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது தேர்வு நேரம். அவர்கள் ஏப்ரல், மே பார்க்கலாம், ஆனால் மே மாதத்திலும் வங்கக்கடலில் புயல் வருவதுண்டு. ஜூனுக்கு மேல் சென்னையிலிருந்து கப்பல் இருந்தால் போகலாம். இலங்கையின் தென்முனைப் பக்கம் போகும் வழியில் அந்த மாதங்களில் அலை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: அறை

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஜன்னலே இல்லாத உள்ளறை விலை மலிவு. ஆனால் யாருக்காவது காய்ச்சல் வந்து இரண்டு நாள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதாகிவிட்டால் அந்த அறையில் இருப்பது கொடுமை. முடிந்தால் பால்கனி உள்ள அறையாக எடுங்கள்.

நான்கு பேருக்கு ஒரே அறை என்பதைவிடப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை நல்லது. ஒருவருக்கு வந்தால் அவரோடு கவனித்துக்கொள்ள ஒருவர் மட்டும் ஓர் அறையில் இருந்துவிடலாம். தாத்தா பாட்டியையும் பேரப் பிள்ளைகளையும் ஒரே அறையில் போடாதீர்கள். டயமண்ட் பிரின்சஸ் விஷயத்தைச் சொன்னது இதற்காகத்தான்.

நான்காம் படி: பணத்தைக் கட்டும் முன்

விலையைக் கேட்பதற்கு முன்னால் ரத்து விதியைக் கேளுங்கள். எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு பிடிப்பார்கள்? மருத்துவர் சான்று கொடுத்தால் வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா? ஒருவர் மட்டும் நின்றால் மற்றவர்களின் டிக்கெட் என்ன ஆகும்? கப்பலே துறைமுகத்தை மாற்றினால் என்ன செய்வார்கள்? இடையில் ஏஜென்ட் இருந்தால் அவர் விதி வேறு, கப்பல் நிறுவனத்தின் விதி வேறாக இருக்கும். வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்கி வையுங்கள். தேதி மாற்றலாம் என்கிற டிக்கெட் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலைக் கொடுப்பதே மேல்.

அப்புறம் காப்பீடு. முதல்வரின் காப்பீட்டு அட்டை நடுக்கடலில் உதவாது. வீட்டில் எடுத்து வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடும் கப்பல் மருத்துவமனைக்குச் செல்லும் என்று நம்பி இருக்காதீர்கள். பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: கப்பலில் சிகிச்சை இதில் அடங்குமா, அவசரமாகக் கரைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ கொண்டு போகும் செலவு அடங்குமா, உடம்பு சரியில்லாமல் கிளம்பாமல் நின்றுவிட்டால் டிக்கெட் பணம் வருமா. சர்க்கரை, இதயநோய் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும். மறைத்தால் பணம் கேட்கும்போது முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

கப்பலில் மருத்துவர், நர்ஸ், முதலுதவி எல்லாம் உண்டு. ஆனால் அது சிறிய கிளினிக்தான். உயிரைப் பிடித்து வைத்துக் கரைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் கட்டணம் உண்டு. அது அறைக் கணக்கில் ஏறும், நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டில் கேட்டு வாங்க வேண்டும். இதற்கென்று ஒரு தொகையைக் கார்டில் ஒதுக்கி வையுங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேவா கேந்திரம் இருக்கிறது. இருப்பவர்கள், பயணத் தேதிக்குப் பிறகு 6 மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களின் பாஸ்போர்ட்தான் பீரோவுக்குள்ளேயே காலாவதி ஆகியிருக்கும்.

ஐந்தாம் படி: மருத்துவரும் மருந்துப் பையும்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதானால் அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதனால் கடைசி வாரத்தில் போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. வயதானவர்களுக்கும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நிமோனியா தடுப்பூசி வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் போனால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது?" சர்க்கரைக்குப் போடும் சில மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் கொடுக்கும் சில மாத்திரைகளும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். இன்சுலினோ என்றால், சாப்பிடவில்லையே என்று தானாக முழுக்க நிறுத்துவதும் ஆபத்து. ஒவ்வொருவருக்கும் பதில் வேறு. சீட்டின் பின்புறத்திலேயே மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். நடுக்கடலில் ஊரில் போலச் செல்போன் சிக்னல் இருக்காது, அங்கிருந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பி இருக்க முடியாது. சீட்டின் பிரதி, மருத்துவர் எண், ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள் எல்லாம் தாளிலும் இருக்கட்டும்.

மாத்திரைகளைப் பற்றி இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் வாங்குகிறவர்கள் வீட்டில் பாருங்கள்: அட்டையைக் கத்தரித்து, பழுப்பு நிறக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் ஒரு பிறை, ஒரு சூரியன் போட்டிருக்கும். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதி போயிருக்கும், காலாவதித் தேதி சுத்தமாகவே இருக்காது. பாட்டிக்கு எது எந்த வேளைக்கு என்று நிறத்தை வைத்துத் தெரியும். கப்பல் மருத்துவருக்குத் தெரியாது, சுங்க அதிகாரிக்கும் தெரியாது. பயணத்துக்கு மட்டுமாவது முழு அட்டையாக, மருந்தின் பெயர் தெரிகிற மாதிரி வாங்கி, சீட்டோடு வையுங்கள். பயண நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியை ஏறும்போது வாங்கிக்கொண்டால் அது அறைக்கு வர மாலையாகும்.

இன்சுலினை விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், உறைந்து கெட்டுவிடும். குளிர்ப் பையில் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறையில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் போதிய குளிர் தராமல் போகலாம், கப்பலில் ஏறியதும் மருத்துவப் பிரிவில் கேளுங்கள். நெபுலைசர், தூக்கத்தில் மூச்சுக்கு வைக்கும் கருவி இருந்தால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியும் அப்படியே. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இவற்றுக்கு அங்கே முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டு எடுங்கள். கசகசாவையும் விட்டுவிடுங்கள், அங்கே அது தடை.

பையில் வேறு என்ன? பாராசிட்டமால், குழந்தைக்கு எடைக்கு ஏற்ற அளவு எழுதிய சிரப், தெர்மாமீட்டர், கடல் ஆட்டத்துக்கு மருத்துவர் எழுதும் மாத்திரை, நல்ல முகக்கவசம், சின்ன சோப்பு. ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட் ஆளுக்கு நாலைந்து. டப்பாவில் இனிப்பாக விற்கும் பானத்தை நம்பாதீர்கள், பொடியே வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டா, ஒரு டம்ளருக்கான சின்ன பாக்கெட்டா என்று படித்துவிட்டுக் கரையுங்கள். பொடி தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். இஞ்சி மரப்பா, உலர்ந்த நார்த்தங்காய் இவை குமட்டலுக்கு நம் வீட்டு வழக்கம், பாக்கெட்டாக இருந்தால் எடுத்துப் போகலாம். வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. புளியோதரையை ரயிலிலேயே முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: கடைசி வாரம்

இந்த ஒரு வாரம் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேரோட்டம், கந்தூரி, முகூர்த்தம் எதுவானாலும் வீட்டில் ஒருவர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும். வெளிச் சாப்பாடு வேண்டாம். பள்ளியில் காய்ச்சல் சுற்றுகிறது என்றால் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் முன்பே லீவு போடுங்கள்.

கடைசி மூன்று நாளும் காலையில் எல்லோருக்கும் தெர்மாமீட்டர் வையுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அதனால்தான் வைக்கச் சொல்கிறேன். நம் வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும்:

"அத்தை, கை சுடுதே, காய்ச்சலா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ராத்திரி பனில படுத்தேன். புள்ளைங்க எவ்ளோ ஆசையா இருக்குதுங்க, என்னால நிக்க வேணாம். போயிட்டு வந்து பாத்துக்கலாம்."

அந்த அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு துறைமுகத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூடத் தாண்டிவிடுவார். இரண்டாம் நாள் இரவு மூச்சு வாங்கும்போது கரை பல மணி நேரம் தள்ளி இருக்கும். அவர் சுயநலமாகவா மறைக்கிறார்? எல்லோர் மேலும் உள்ள பாசத்தில்தான் மறைக்கிறார். ஆகவே அவர் வாயைத் திறக்கும்படி வீட்டார்தான் முன்கூட்டியே வழி செய்ய வேண்டும். டிக்கெட் போட்ட அன்றைக்கே பெரியவர்களை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் தேதியை மாத்திக்கலாம், பணம் முழுசா போகாது, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்." ஒருவர் நின்றால் அவரோடு வீட்டில் இருக்கப்போவது யார் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். இந்தப் பேச்சு நடந்த வீட்டில் காய்ச்சலை மறைக்க மாட்டார்கள்.

கப்பல் ஏறும்போது உடல்நலப் படிவம் தருவார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று கேட்டிருக்கும். உண்மையை எழுதுங்கள். எழுதிய எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள், பல நேரம் மருத்துவர் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

ஏழாம் படி: சென்னைக்குப் போவது

உழவன், மன்னை, கம்பன் என்று இரவு ரயில் பிடித்து, காலையில் இறங்கி, அன்றைக்கே கப்பல் ஏறுவது வயதானவர்களுக்கு வேண்டாம். தூக்கமும் இருக்காது, மழை நாளில் ரயில் தாமதமானால் கப்பல் நிற்காது. சோழனில் பகலில் போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் நிதானமாகப் போங்கள். துறைமுகம் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரயிலிலும் ஏறும் வரிசையிலும் பெரியவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.

எட்டாம் படி: கப்பலுக்குள்

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். எல்லோரும் போக வேண்டும், தூங்கும் குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு போங்கள். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பிரிவு எந்தத் தளத்தில், அறை போனில் எந்த எண் என்பதை அன்றே பார்த்து வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் பந்தியில் கை கழுவிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் வந்து போடுவார், நம் கை கரண்டியைத் தொடாது. பஃபேயில் அப்படி இல்லை. ஆயிரம் பேர் பிடித்த கரண்டியை நாமும் பிடிக்கிறோம், பிறகு அதே கையால் சோற்றைப் பிசைகிறோம். முள்கரண்டியால் சாப்பிடுகிறவரைவிடக் கையால் சாப்பிடுகிற நமக்கு இதில் ஆபத்து கூடுதல். அதற்காகக் கையால் சாப்பிடுவதை விட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். தட்டில் எடுத்து வந்து மேஜையில் வையுங்கள். ஒருவர் காவலுக்கு இருக்க, மற்றவர்கள் போய்ச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிவிட்டு வாருங்கள். பிறகு அவர் போகட்டும். இரண்டாம் தடவை எடுக்கப் போனால் மறுபடி கழுவுங்கள். வாசலில் ஊழியர் ஊற்றும் சானிடைசர் சளிக்காய்ச்சல் கிருமிக்கு நல்லது, நோரோவை அது சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

சூடாக, கண்ணெதிரே செய்து தரும் தோசை, சப்பாத்தி, ஆவி பறக்கும் சாதம் முதலில். வெட்டி வைத்த பழம், சாலட், பச்சைச் சிப்பி வகை கடைசியில், வயிறு லேசானவர்களுக்கு அவை வேண்டவே வேண்டாம். உணவுக்கூடத்தில் உட்கார்ந்தால் பரிமாறும் இடம் இருந்தால் பெரியவர்களை அங்கே கூட்டிப் போங்கள். கூட்டம் முட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போவதும் நல்ல பழக்கம்.

லிஃப்டைக் குறைத்து முடிந்தவர்கள் படியில் ஏறலாம். கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், விழுவது அதைவிட மோசம். டயப்பர் போட்ட குழந்தையை நீச்சல் குளத்தில் விட மாட்டார்கள், அது சரியான விதி. சர்க்கரை உள்ளவர்கள் மேல்தளத்தில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வெயிலில் தரை கொதிக்கும், கால் மரத்துப் போனவருக்குப் பொத்துப் போனது மறுநாள்தான் தெரியும்.

ஒன்பதாம் படி: உடம்பு முடியாமல் போனால்

முதலில் கடல் ஆட்டமா, தொற்றா என்று பாருங்கள். ஆட்டத்தால் வரும் வாந்தி படுத்தால் அடங்கும், கப்பல் அசையாமல் நின்றால் குறையும், பேதியோ காய்ச்சலோ இருக்காது. மேல்தளத்தில் போய் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் தெளியும். வாந்தியோடு பேதியும் வயிற்று முறுக்கும் இருந்தால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு அறையிலிருந்தே போன் செய்யுங்கள். வெளியில் நடந்து போக வேண்டாம். ஊழியர் வந்து பார்ப்பார். அவர்கள் அறையை விட்டு வராதீர்கள் என்று சொன்னால் கேளுங்கள். அவமானப்பட இதில் எதுவும் இல்லை.

வாந்தியை நீங்களே துண்டால் துடைக்காதீர்கள், அதற்கென்று குளோரின் மருந்தோடு ஆள் வருவார். கழிவறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒருவர் மட்டும் கூட இருந்து கவனிக்கட்டும், பாட்டி வேண்டாம். ஓ.ஆர்.எஸ். நீரை ஒரேயடியாகக் குடித்தால் திரும்ப வாந்தி வரும், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். குழந்தைக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கூடாது. கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்கை யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம், வைரஸுக்கு அது உதவாது.

ஆறு மணி நேரமாக நீர் பிரியவில்லை, குடிப்பது எதுவும் தங்கவில்லை, மலத்தில் ரத்தம், குழந்தை துவண்டு கிடக்கிறது, பெரியவர் பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் கட்டணத்தை நினைக்காமல் உடனே மருத்துவப் பிரிவைக் கூப்பிடுங்கள்.

வாந்தி பேதி நின்ற பிறகும் இரண்டு நாளாவது கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும். அதுவரை நீச்சல் குளம், பஃபே, குழந்தைகள் விளையாடும் அறை பக்கம் போகக் கூடாது.

திரும்பி வந்த பிறகு

இறங்கும் முன் கப்பல் மருத்துவரிடம் சிகிச்சை விவரமும் பில்லும் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தபின் கேட்டால் நாளாகும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசித் தாளில் இருக்கும், பலவற்றில் அது மிகக் குறுகிய காலம்.

வந்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் தனியார் கிளினிக்கானாலும் "இந்தத் தேதியில் கப்பலில் போனோம், இந்த ஊரில் இறங்கினோம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை எடுப்பது என்று அவர் முடிவு செய்ய அது உதவும். வந்த முதல் சில நாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதையும், படுத்த படுக்கையாய் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போவதையும் தள்ளிப் போடுங்கள். வாங்கி வந்த சாக்லேட்டைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.